ட்ரிம் கீழே இறங்குகிறது, மேலே ஏறவில்லை. ரிலேயின் சத்தம் மட்டும் கேட்கிறது. உதவி தேவை

கேள்வி: கல்கிசைப் படகு

வணக்கம். கல்கிசைக் கரையிலிருந்து, கொழும்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்கச் செல்லும் சுழியோடிகளை ஏற்றிச் செல்கிற கண்ணாடியிழைப் படகு ஒன்றை நடத்துகிறோம். அதில் 60 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் எஞ்சின் பூட்டப்பட்டுள்ளது. தென்மேல் பருவக்காற்று முடியும்வரை படகு கரையிலேயே தறப்பாளால் மூடிக் கிடந்தது. கடல் அடங்கியதும் இறக்கினோம். எஞ்சினில் குறையொன்றும் இல்லை, அதை எண்ணெய் அழுத்தத்தால் மேலே தூக்கவும் கீழே இறக்கவும் உதவும் ட்ரிம் மட்டும் பாதி வேலைதான் செய்கிறது.

இறக்கும் பொத்தானை அழுத்தினால் ட்ரிம் மோட்டர் வழக்கம்போல் ஓடுகிறது. ஏற்றும் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் மூடிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். மோட்டர் முனகக்கூட இல்லை. கன்ட்ரோல் நெம்பில் உள்ள பொத்தானிலும் எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள பொத்தானிலும் நிலைமை இதுவே. பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறது, பியூஸ் நன்றாக இருக்கிறது. ஏற்றத்துக்கான ரிலேயை (மின்சாரத்தால் இழுபடும் சுவிட்சை) கழற்றிப் புதியதொன்றைப் பூட்டியும் மாற்றமில்லை. பொத்தானை அழுத்தியபடி மோட்டருக்குப் போகும் நீல வயரை மல்டிமீற்றரால் பார்த்தால் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. மின்சாரம் மோட்டர்வரை வந்துவிட்டதால் மோட்டரே பழுது, பம்பையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று காட்டிய இடத்தில் சொல்லிவிட்டார்கள். மோட்டர் பழுதென்றால் இறங்கும்போது மட்டும் எப்படி ஓடும் என்பதே என் சந்தேகம்.

இப்போதைக்கு, ட்ரிம் எண்ணெயின் அழுத்தத்தை விடுவிக்கும் கைவால்வைத் தளர்த்தி, இருவர் சேர்ந்து எஞ்சினைத் தூக்கி, தாங்கு நெம்பை மாட்டிய பிறகே படகை மணலில் ஏற்றுகிறோம். அலை அடிக்கிற நேரத்தில் அது ஆபத்தான வேலை.

பதில்: நீர்கொழும்புக் களப்பு

ட்ரிம் எண்ணெய் குறைந்திருக்கலாம். கைவால்வு முழுமையாக இறுகாமல் இருந்தாலும் எஞ்சின் ஏறாது. அதையும் ஒருமுறை பாருங்கள்.

பதில்: முகத்துவாரம் மின்வேலை

எண்ணெய் குறைந்தாலும் வால்வு தளர்ந்தாலும் மோட்டர் ஓடும் சத்தம் கேட்கும், எஞ்சின்தான் எழும்பாது. இங்கே மோட்டரே ஓடவில்லை என்பதால் எண்ணெய்ப் பக்கத்தை இப்போது தொட வேண்டியதில்லை. ‘டக்’ என்ற சத்தம் ஏற்றத்துக்கான ரிலேயிலிருந்துதான் வருகிறது என்பதை விரலால் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அது உறுதியானால் பொத்தான்களும் அவற்றிலிருந்து வரும் மெல்லிய வயர்களும் சரி.

தம்பி, மோட்டரிலிருந்து எத்தனை தடித்த வயர்கள் வருகின்றன என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் நீலம், பச்சை, கறுப்பு என்று மூன்று இருக்கும். அவற்றில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனிச் சுருள்கள் இருப்பதால், ஒன்று அறுந்துபோனால் மோட்டர் ஒரு திசையில் மட்டும் ஓடும். அப்படியானால் உங்களுக்குச் சொல்லப்பட்டது சரியாகவே இருக்கலாம். நீலமும் பச்சையும் மட்டுமே என்றால் அது நிலைகாந்த மோட்டர். மின்னோட்டத்தின் திசை மாறினால் சுழற்சியின் திசையும் மாறும், உள்ளே இருப்பவை அதே சுருளும் அதே கார்பன் பிரஷ்களும்தான். ஏற்றத்தில் சுமை அதிகம் என்பதால் தேய்ந்த மோட்டர் முனகிக்கொண்டு நிற்கலாம். முனகலே இல்லையென்றால் அதற்குள் மின்னோட்டமே போகவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

பலரும் தவறவிடுகிற இடம் இதற்கு அடுத்தது. இரண்டு வயர் அமைப்பில் இரண்டு ரிலேக்களும் ஓய்வில் இருக்கும்போது நீலம், பச்சை இரண்டையுமே எர்த்தோடு, அதாவது பற்றரியின் எதிர்முனையோடு, இணைத்து வைத்திருக்கும். ஏற்றும் பொத்தானை அழுத்தினால் ஏற்ற ரிலே மட்டும் இழுபட்டு நீலத்துக்குப் பற்றரியின் நேர்மின்னைக் கொடுக்கும். அந்த மின்னோட்டம் மோட்டரைக் கடந்து, பச்சை வழியாக, ஓய்விலேயே இருக்கும் இறக்க ரிலேயின் தொடுமுனையைத் தாண்டித்தான் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். ஆகவே எஞ்சின் மேலே ஏறுவதற்கு இறக்க ரிலேயின் ஓய்வுநிலைத் தொடுமுனை ஒழுங்காக இருந்தாக வேண்டும். நீங்கள் மாற்றியது ஏற்ற ரிலேயை மட்டும்.

மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் எதிர்முனையில் வைத்து, ஏற்றும் பொத்தானை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, பச்சை வயரையும் அளந்து சொல்லுங்கள். அங்கே ஏறத்தாழ பூச்சியம் இருந்தால் திரும்பும் வழி சரி, மோட்டரைச் சந்தேகிக்கலாம். நீலத்தைப் போலவே பச்சையிலும் 12 வோல்ட் இருந்தால், மின்சாரம் மோட்டரின் சுருளைக் கடந்து வந்து, வெளியேற வழியின்றி நிற்கிறது என்று அர்த்தம்.

அளப்பதற்கு முன்னர் கைவால்வை இறுக்கிவிடுங்கள், எஞ்சினுக்குக் கீழே எவரும் நிற்கக் கூடாது.

கல்கிசைப் படகு

ஐயா, இரண்டே வயர்கள்தான். ஏற்றும் பொத்தானை அழுத்தினால் பச்சையிலும் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. மோட்டரின் இணைப்பைக் கழற்றி, பியூஸ் வைத்த வயரால் நீலத்துக்கு நேர்மின்னும் பச்சைக்கு எதிர்மின்னும் நேரடியாகக் கொடுத்துப் பார்த்தேன். எஞ்சின் எந்தத் தயக்கமும் இல்லாமல் மேலே ஏறியது.

பதில்: நீர்கொழும்புக் களப்பு

அப்படியென்றால் எஞ்சினின் எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதுமே?

பதில்: முகத்துவாரம் மின்வேலை

எர்த் போல்ட் இரண்டு ரிலேக்களுக்கும் பொதுவானது. அது பழுதானால் இறக்கமும் நின்றிருக்கும். இறக்கம் நன்றாக நடப்பதால் பழுது இறக்க ரிலேயின் ஓய்வுநிலைத் தொடுமுனையிலோ, அதிலிருந்து எர்த்துக்குப் போகும் துண்டு வயரிலோ, ரிலே அமரும் சொக்கெட்டின் அந்த ஒரு பின்னிலோதான் இருக்க முடியும்.

இதற்கு மீற்றரை மட்டும் நம்ப வேண்டாம். டிஜிட்டல் மீற்றர் அளக்கும்போது ஏறத்தாழ மின்னோட்டமே எடுப்பதில்லை. ஒரே ஒரு செப்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முழு 12 வோல்ட்டையும் காட்டி நம்மைத் திருப்தியாக வீட்டுக்கு அனுப்பிவிடும். வாகனத்தின் பிரேக் விளக்குக்குப் போடும் 21 வாட் பல்ப் ஒன்று ஏறக்குறைய 1.75 அம்பியர் எடுக்கும், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. மோட்டர் கழற்றியபடியே இருக்கட்டும். பல்ப்பின் ஒரு வயரைப் பற்றரியின் நேர்முனையிலும் மற்றதை ரிலேப் பக்கத்துப் பச்சை வயரிலும் பிடியுங்கள், எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம். எர்த் வழி சரியாக இருந்தால் பல்ப் முழு ஒளியோடு எரியும். அதேபோல நீல வயரிலும் பிடித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பெற்றோல் டாங்கியை அப்புறப்படுத்தி, மூடியைத் திறந்து காற்றுப் போக விட்ட பிறகே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் வயரைத் தொடும்போது பொறி பறக்கும்.

கல்கிசைப் படகு

நீலத்தில் பல்ப் பளிச்சென்று எரிகிறது, பச்சையில் எரியவே இல்லை. இறக்க ரிலேயை வெளியே இழுத்தபோது சொக்கெட்டுக்குள் பச்சைக் களிம்பு. ஒரு பின் பாதிக்கு மேல் அரிக்கப்பட்டு, ஊசி முனையளவுக்கு மெலிந்திருந்தது. அந்தப் பின்னுக்கு வரும் கறுப்பு வயரை மெல்ல அசைத்ததும் அது கையோடு வந்துவிட்டது. பஞ்சிகாவத்தையில் வாகனங்களுக்கான 12 வோல்ட், 40 அம்பியர் ரிலேக்கள் மலிவாகக் கிடைக்கின்றன, அவற்றைப் போடலாமா?

பதில்: முகத்துவாரம் மின்வேலை

அவசரத்துக்குப் போடலாம், ஆனால் நான்கு பின் ரிலே வேண்டாம். அதில் ஓய்வுநிலைத் தொடுமுனையே கிடையாது. இறக்கத்துக்குச் சரியாக வேலை செய்யும், ஏற்றமோ இப்போது இருப்பதுபோலவே செத்துக் கிடக்கும். 30, 85, 86, 87, 87ஏ என்று ஐந்து பின்கள் உள்ளதை வாங்குங்கள். உங்கள் எர்த் வழி அந்த 87ஏ பின்னில்தான் இருக்கிறது. பெரும்பாலும் 87இல் 40 அம்பியர் தாங்கும் ரிலே 87ஏயில் 30 அம்பியர்தான் தாங்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவது முதல் எண்ணை மட்டும். வாகன ரிலே நீர்புகாத வகையல்ல, பெற்றோல் ஆவி தங்கும் மூடிக்குள் அதை நிரந்தரமாக விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எஞ்சினுக்குரிய ரிலே கிடைத்ததும் மாற்றிவிடுங்கள்.

அரித்த வயரை வெட்டும்போது செம்பு கறுத்திருக்கும் இடம் முடிந்து மினுமினுப்பு தெரியும்வரை வெட்டுங்கள்; உப்புநீர் வயரின் உறைக்குள் வெகுதூரம் ஏறியிருக்கும். ஈயம் பூசிய செப்பு வயரையே பாவித்து, முனையை அழுத்திப் பூட்டி, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள்.

கல்கிசைப் படகு

சொக்கெட்டை மாற்றி, எஞ்சினுக்குரிய ரிலேயையே தேடிப் பிடித்துப் பூட்டியாயிற்று, இரண்டு திசையிலும் ஓடுகிறது. ஏற்றும்போது பற்றரியின் முனைகளில் 11.9 வோல்ட்டும், நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் 11.3 வோல்ட்டும் இருக்கிறது. இது போதுமா, ஐயா?

பதில்: முகத்துவாரம் மின்வேலை

போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்த்து 0.6 வோல்ட் இழப்பு என்பது ஏற்கத்தக்கதுதான், ஒரு வோல்ட்டைத் தாண்டினால் மறுபடியும் தேடுங்கள். இன்னொன்று: பழைய சொக்கெட்டின் வாய் மேல்நோக்கி இருந்ததா என்று பாருங்கள். அப்படியானால் மூடியின் ரப்பர் விளிம்பு எங்கேயோ கிழிந்து, தண்ணீர் நேரே அதற்குள் சொட்டியிருக்கிறது. விளிம்பை மாற்றி, புதிய சொக்கெட்டை வாய் கீழ்நோக்க வைத்துப் பூட்டிவிடுங்கள்.