எஸ்எஸ்டி போட்டேன், விண்டோஸ் தொடங்கவில்லை – அவசர உதவி

உப்புவெளி டீச்சர்:
வணக்கம். லேப்டொப் ஆமை வேகம் என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டேன். விண்டோஸை அப்படியே கொப்பி பண்ணித்தான் போட்டேன். ஓன் பண்ணினால் கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வருகிறது. திங்கட்கிழமை தவணைப் பரீட்சை வினாத்தாள் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கிண்ணியா நானா:
என்ன லேப்டொப், எந்த விண்டோஸ்? எஸ்எஸ்டி இரண்டரை அங்குலப் பெட்டியா, சின்னப் பட்டை மாதிரியான எம் டொட் டூவா? எதை வைத்துக் கொப்பி பண்ணினீர்கள்? பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் ஓடுகிறதா?

டொக்யார்ட் ரோட்:
உப்புக் காற்றுதான் காரணம். கடற்கரைப் பக்கம் பாவிக்கிற லேப்டொப் எதைத் திறந்தாலும் கனெக்டரில் பச்சை பிடித்திருக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சால் துடைத்துப் போட்டுப் பாருங்கள்.

லிங்கநகர் தம்பி:
எஸ்எஸ்டி போலியாக இருக்கும். எங்கே வாங்கினீர்கள், என்ன விலை?

பூட்மாஸ்டர்:
இந்தக் கேள்வி இங்கே எத்தனை தரம் வந்துவிட்டது. கேட்க முன் தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. விண்டோஸ் என்பது இழுத்துப் போடுகிற ஃபைல் அல்ல, அடிப்படை தெரியாமல் டிஸ்க்கில் கை வைக்கக் கூடாது. பென்ட்ரைவ் ஒன்றில் இன்ஸ்டோலரை ஏற்றிப் புதிதாகப் போடுங்கள். ஏற்கெனவே அக்டிவேட் ஆன விண்டோஸ் என்றால் லைசன்ஸ் மதர்போர்ட்டோடு பதிவாகியிருக்கும். அதே பதிப்பைப் போட்டால் கீ தேவைப்படாது. விண்டோஸ் 10 என்றால் அதன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, அதையும் யோசியுங்கள்.

உப்புவெளி டீச்சர்:
விண்டோஸ் 10தான். பழையது 1 டெராபைட், புதியது 480 ஜிபி, இரண்டும் ஒரே அளவுப் பெட்டி. பழையதை மாட்டினால் ஓடுகிறது. யூஎஸ்பி கேபிளில் எஸ்எஸ்டியை மாட்டி, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கிற ஒரு இலவச குளோன் மென்பொருளால் சி டிரைவை மட்டும் கொப்பி பண்ணினேன். டி-யில் பாட வீடியோக்கள் நிறைய, அதுவும் சேர்ந்தால் கொள்ளாது. புதிதாகப் போட விருப்பமில்லை. வினாத்தாள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கிறது. போன முறை கடையில் விண்டோஸ் மாற்றிக் கொடுத்தபோது திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தது.

கிண்ணியா நானா:
சரி டீச்சர், இப்போது விளங்குகிறது. அதே கனெக்டரில் பழையது ஓடுவதால் உப்பு காரணமில்லை.

சி-யில் இருப்பது விண்டோஸ் மட்டும். அதைத் தொடக்கிவிடுகிற ஃபைல்கள் தனியாக ஒரு சின்னப் பகுதியில் இருக்கும். பெரும்பாலும் 100 எம்பி அளவு, எழுத்துப் பெயர் இல்லாததால் ஃபைல் எக்ஸ்புளோரரில் தெரியாது. பழைய டிஸ்க்கில் ஓன் பண்ணி, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் ‘ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன்’ என்று காட்டும். இன்னும் பழைய முறையில் போட்டதென்றால் ‘சிஸ்டம் ரிசர்வ்ட்’ என்று இருக்கும். எஸ்எஸ்டியில் அது இல்லை. அதனால்தான் ஓன் பண்ணியதும் முதலில் ஓடுகிற பயோஸ், தொடங்க ஒன்றும் இல்லை என்கிறது.

திரும்பவும் குளோன் பண்ணுங்கள். இந்த முறை ஒரு பகுதியை மட்டும் எடுக்கிற பார்டிஷன் குளோன் வேண்டாம், முழு டிஸ்க்கையும் எடுக்கிற டிஸ்க் குளோனைத் தெரிவு செய்து, டி-க்கு முன்னால் உள்ள டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். சின்னப் பகுதிகள் எல்லாம் சி-யோடு சேர்ந்து போகட்டும். எது மூலம், எது இலக்கு என்பதை டிஸ்க் அளவைப் பார்த்து உறுதிசெய்த பிறகே தொடங்குங்கள். மாறினால் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கரன்ட் போனால் குழம்பும், பற்றரி நிறைய இருக்கட்டும். முடிந்ததும் பழையதைக் கழற்றி எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி ஓன் பண்ணுங்கள். முதல் தடவை இரண்டையும் சேர்த்து மாட்ட வேண்டாம்.

பூட்மாஸ்டர்:
2025 முடிந்த பிறகும் பாமினியா? எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் அடித்திருந்தால் எந்தக் கணினியிலும் திறக்கும். எழுத்துருதான் பயம் என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து அதை எடுத்துப் பென்ட்ரைவில் வைத்தால் போதுமே.

மெயின் வீதி அச்சு:
யூனிகோட்டில் கொண்டுவருகிற அழைப்பிதழைப் பக்கம் வடிவமைக்கிற பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் போட்டால் கட்டம் கட்டமாக வரும். எங்களிடம் வருகிற வேலையில் பாதி இன்னும் பாமினிதான். கடையில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

பூட்மாஸ்டர்:
மென்பொருளை மாற்றாமல் இருப்பது உங்கள் தெரிவு. அதற்காகப் பிள்ளைகளின் வினாத்தாள் பத்து வருடம் கழித்துத் தேடவும் முடியாமல் கிடக்க வேண்டுமா?

மெயின் வீதி அச்சு:
மாற்றுகிற காசை யார் தருவது?

டொக்யார்ட் ரோட்:
கனெக்டரையும் ஒருக்கால் துடைத்துவிடுங்கள் டீச்சர். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் அது வேலையைக் காட்டும்.

கிண்ணியா நானா:
பாமினிக்குத் தனி இழை தொடங்குங்கள். டீச்சர், என்ன நடந்தது?

உப்புவெளி டீச்சர்:
வந்துவிட்டது. டிஸ்க் குளோன்தான். எழுத்துருவும் அப்படியே இருக்கிறது. வினாத்தாள் பிரிண்ட் போகிறது, நன்றி நானா.

கிண்ணியா நானா:
சந்தோஷம். ஒரு மாதமாவது பழைய டிஸ்க்கை அழிக்காமல் வையுங்கள். பிறகு யூஎஸ்பி கேபிளில் மாட்டி டி-யில் உள்ள வீடியோக்களைப் பார்க்கலாம். அதற்கு முன் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சோதியுங்கள். ஆமை வேகத்துக்கு டிஸ்க் பழுதாகி வருவதும் காரணமாக இருக்கலாம்.

மூதூர் ஏஎல் பிள்ளை:
டீச்சர், எனக்கும் இதே பிரச்சினை. டி-யில் டிக் எடுக்க வழி காட்டுகிற மென்பொருள் எது?