இணுவில் வீட்டுக் குழு: நல்லூர் மஞ்சத் திருவிழாவுக்கு ஆதிக்கு என்ன உடுப்பு?

*வெள்ளிக்கிழமை*

அம்மா: வதனி, ஆதியின் அளவை இன்றைக்கு அனுப்பிவிடு பிள்ளை. கொடியேற்றம் கிட்டினால் தையல்காரர் புது வேலை எடுக்க மாட்டார். சின்ன வேட்டி வாங்கியாயிற்று. சட்டைதான் தைக்க வேண்டும்.

கலா சின்னம்மா: இவ்வளவு தூரம் வந்து தேர் பார்க்காமல் போகிறதா? தேர் முடியும்வரை நின்றுவிட்டுப் போங்களேன்.

வதனி: எனக்கும் ஆசைதான் சின்னம்மா. ஆகஸ்ட் நடுவில் இங்கே ஒஸ்லோவில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஆதிக்கு இந்த வருசம்தான் முதலாம் வகுப்பு, முதல் நாளைத் தவறவிட முடியாது. மஞ்சம் பத்தாம் நாள் என்றபடியால் அதற்குக் கட்டாயம் நிற்போம்.

துஷி அண்ணா: கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மரத்தில் இன்னும் நிற்கிறதா அம்மா? இங்கே ஸ்காபுறோவில் தமிழ்க் கடையில் ஒரு பெட்டி வாங்கினேன். வெட்டினால் நிறம் மட்டும்தான் இருக்கிறது.

அம்மா: கடைசிக் கொஞ்சம் நிற்கிறது. அணில் விட்டால் வதனிக்கு இருக்கும்.

வதனி: அதை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் அம்மா. இங்கே இப்போது இரவு பத்தரைக்கும் வெளிச்சம், பிள்ளையைப் படுக்க வைப்பதே பெரும்பாடு. டிசம்பர் வந்தால் பின்னேரம் மூன்றேகாலுக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து ரயிலால் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, இந்த நேரம் நீங்கள் விளக்கு வைத்து முடித்துச் சாப்பாட்டுக்கு ஆயத்தப்படுத்துவீர்கள் என்று நினைப்பேன்.

வதனி: அம்மா, அளவு அனுப்புகிறேன். அதற்கு முதல் ஒரு விசயம் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். ஆதி தனக்குப் பட்டுப்பாவாடை சட்டை வேண்டும் என்று கேட்கிறான். பச்சை நிறம், மாம்பழ நிறக் கரை.

கலா சின்னம்மா: என்ன பகிடி இது?

வதனி: பகிடி இல்லை சின்னம்மா. நாலு வயதிலிருந்தே கேட்கிறான். வளையல் போடுவான், பொட்டு வைப்பான், தலைமயிர் தோளுக்கு வந்துவிட்டது, வெட்ட விடமாட்டான். அதே பிள்ளைதான் மரத்திலும் ஏறுகிறான், பந்தும் அடிக்கிறான்.

கலா சின்னம்மா: டொக்டரிடம் காட்டினாயா?

சிவம் மாமா: வதனி, நான் சொல்வதைக் கோபிக்காமல் கேள். உங்கள் நாட்டு வழக்கம் உங்களுக்குச் சரி. நோர்வேயைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 1956இல் குருநகரிலிருந்து நோர்வேக்குப் போன அன்ரனி ராஜேந்திரம்தான் சீநோர் மீன்பிடி நிறுவனம் வரக் காரணமாக இருந்தவர், அந்தச் சீநோரின் காரைநகர்ப் படகுத்துறையில் வேலை செய்துதான் நான் வீடு கட்டினேன். ஆனால் இங்கே மேற்கு வீதியில் நிற்கப்போகிறது நம்முடைய சனம். பத்து நாளைக்கு வருகிற பிள்ளைக்கு இது தேவையா? வேட்டியைக் கட்டிவிடு. திரும்பிப் போய் விரும்பியதைப் போடட்டும்.

வதனி: மாமா, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இங்கே என்ன நடந்தது என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வதனி: பாலர் பாடசாலையில் அவனுக்கு ஒரு கரைச்சலும் வரவில்லை. மழையோ பனியோ, பிள்ளைகளை நெடுநேரம் வெளியில்தான் விளையாட விடுவார்கள். எல்லாரும் தலையிலிருந்து கால்வரை மூடிய ஒரே மாதிரி உடுப்பு, அதற்குள் யார் பெடியன் யார் பெட்டை என்று முகத்தைப் பார்த்தாலும் தெரியாது. உள்ளே வேசம் போட்டு விளையாட ஒரு பெட்டி நிறையத் துணி இருக்கும். தீயணைப்பாளர் தொப்பியும் இருக்கும், பாவாடையும் இருக்கும். யார் எதை எடுத்தாலும் ரீச்சர் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். மே 17 இங்கே தேசிய தினம், ஒஸ்லோவில் பிள்ளைகள் அரண்மனைக்கு முன்னால் ஊர்வலமாகப் போவார்கள். நோர்வேப் பிள்ளைகளில் கனபேர் பாரம்பரிய உடுப்புப் போடுவார்கள், மற்ற நாட்டுக்காரர் தங்கள் தங்கள் உடுப்பில் வருவார்கள். ஆதி பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளையின் பழைய பாவாடையைப் போட்டுக்கொண்டு கொடி பிடித்துப் போனான். எவ்வளவு வடிவு என்று ஒரு கிழவி நின்று சொல்லிவிட்டுப் போனார்.

வதனி: அவனை வருத்தியது நம்முடைய ஆட்கள் மாமா. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு நடனம் பழக்கினார்கள். ஆதி பெண்பிள்ளைகளின் வரிசையில் போய் நின்றான். அங்கே வந்திருந்த ஒரு பெரியவர் எல்லாருக்கும் கேட்க, “நீ என்ன, பெடியனோ பெட்டையோ?” என்று கேட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வந்தான். வீட்டில் வளையலைக் கழற்றி லாச்சிக்குள் வைத்தான். அடுத்த கிழமையிலிருந்து தமிழ் வகுப்புக்கு வரமாட்டேன் என்று நின்றான். பிறகு என்னோடும் தமிழில் கதைப்பதைக் குறைத்துவிட்டான். நான் தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் வரும். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். “தமிழ் ஆட்கள் சிரிப்பார்கள்” என்றான்.

வதனி: நான் இந்த வீட்டை நினைத்து எத்தனை இரவு அழுதிருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். என் பிள்ளைக்கு நம்முடைய ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிற இடமாகப் போய்விட்டால், அவன் ஒரு நாளும் அங்கே வர ஏங்க மாட்டான். பதினெட்டு வயதில் என்னோடு ரிக்கெற் எடுக்கவும் மாட்டான். பாவாடைக்காக நான் சண்டை பிடிக்கவில்லை. தமிழ் பேசுகிற ஒரு முற்றத்தில் அவன் அவனாக நிற்க வேண்டும், அதற்குத்தான் கேட்கிறேன்.

துஷி அண்ணா: தங்கச்சி, இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?

துஷி அண்ணா: நான் ஒன்று சொல்கிறேன். என் மகள் தலைமயிரைக் கட்டையாக வெட்டி, ஐஸ் ஹொக்கி விளையாடுகிறாள். படம் போட்டபோது இந்தக் குழுவில் எல்லாரும் “சிங்கக்குட்டி” என்றுதான் எழுதினீர்கள். சின்னம்மா முதல் ஆளாக எழுதினார். பெட்டை பெடியன் மாதிரி நடந்தால் பெருமை, பெடியன் பெட்டை மாதிரி உடுத்தால் வெட்கம் என்றால், பெண்ணாக இருப்பதைக் குறைவென்று நாங்கள் நினைக்கிறோம் என்றுதானே அர்த்தம்?

கலா சின்னம்மா: அது விளையாட்டு தம்பி. இது வேறு.

நிலா: அக்கா, நான் ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன், எல்லாம் வாசித்தேன். டொக்டரிடம் காட்டினாயா என்று எங்கள் அம்மா கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் புதிய பதிப்பு, ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிறப்பில் எழுதிய பாலும் மனம் உணர்கிற பாலும் ஒத்துவராத நிலையை அதில் மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதுமட்டும் இல்லை, உடுப்பு விருப்பம், விளையாட்டு விருப்பம், நடை பாவனை இவற்றை மட்டும் வைத்து அந்தப் பெயரைக்கூட ஒருவருக்கும் சூட்டக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆதிக்கு ஆறு வயது. நாளைக்கு அவன் எப்படி வளர்வான் என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மருந்து தேவைப்படுகிற நோய் ஒன்றும் இங்கே இல்லை.

நிலா: சிவம் மாமா, இதை வெளிநாட்டு வழக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். யாழ்ப்பாணத்திலும் திருநங்கைகள் இருக்கிறார்கள், நாங்கள் பார்க்காத மாதிரிப் போகிறோம், அவ்வளவுதான். நம்முடைய சுகாதார அமைச்சே 2016இல் சுற்றறிக்கை விட்டது. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்துப் பதிவுகளை மாற்றலாம்.

வதனி: நோர்வேயிலும் சட்டம் வந்தது அதே 2016தான் நிலா. ஆனால் நாங்கள் அப்படி எதையும் நினைக்கவில்லை. அவன் தன்னை ஆதி என்கிறான், நாங்கள் ஆதி என்கிறோம். பெயரோ பதிவோ மாற்றுகிற கதை வீட்டில் இல்லை. அவன் கேட்பது ஒரு பாவாடை.

சிவம் மாமா: சரி. நான் ஏன் பயப்படுகிறேன் என்று சொல்கிறேன். நான் கூத்தாடியது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் பெண் வேசத்தையும் ஆண்கள்தான் கட்டினோம். எனக்கு மெல்லிய குரல், அண்ணாவியார் அரிச்சந்திரன் கூத்தில் என்னைச் சந்திரமதிக்குப் பிடித்தார். மயானத்தில் செத்த பிள்ளையை மடியில் வைத்துப் பாடுகிற இடத்தில் சனம் விம்மும், எங்கள் அம்மாவே முன்னால் இருந்து அழுவா. விடிய மேடையால் இறங்கி முகத்தைக் கழுவி வேட்டி கட்டினால் சந்தியில் நிற்கிற பெடியள் “சந்திரமதி, எங்கே போகிறாய்?” என்பார்கள். இரவு அழுத அதே பெடியள்தான். காரைநகருக்கு வேலைக்குப் போனேன், அந்தப் பெயர் எனக்கு முதலே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கூத்தை விட்டேன். அதற்குப் பிறகு கோயில் திருவிழாவில்கூட வாய் திறந்து பாடவில்லை. அது இந்தப் பிள்ளைக்கு வரக்கூடாது என்றுதான் சொன்னேன். பிள்ளையில் பிழை இருக்கிறது என்று சொல்லவில்லை.

வதனி: மாமா, இதை நீங்கள் எங்களுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. கூத்தை வேலைக்காக விட்டீர்கள் என்றுதான் நினைத்திருந்தோம்.

வதனி: பாருங்கள் மாமா, பழித்தது சந்தியில் நின்றவர்கள், பாட்டை விட்டது நீங்கள். இங்கே சிரித்தது ஒரு பெரிய ஆள், வளையலைக் கழற்றியது என் பிள்ளை. அவனை மறைத்துவைத்தால் சிரிக்கிறவர்கள்தான் திரும்பவும் வெல்லுவார்கள்.

சிவம் மாமா: அது சரிதான்.

*சனிக்கிழமை*

நிலா: பெரியம்மாவுக்கு நீளமாக எழுத விரல் நோகிறதாம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

அம்மா: இரவு நித்திரை இல்லை. பாவாடைக்காக இல்லை வதனி. ஆதி ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் வந்து அம்மம்மா, இன்றைக்குப் புட்டுச் சாப்பிட்டேன், இன்றைக்குப் பாணும் சீஸும் சாப்பிட்டேன் என்று எல்லாம் சொல்லுவான். இப்போது கொஞ்ச நாளாக “ஹாய்” என்றுவிட்டு ஓடிப்போகிறான். பிள்ளை வளர்கிறான், கிழவியோடு கதைக்க அலுப்பாக்கும் என்று நினைத்தேன். அவன் என் பாசைக்குப் பயந்து ஓடுகிறான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அதுதான் நெஞ்சைக் குத்துகிறது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் சைவசமயம் படிப்பித்தவள். சம்பந்தப்பிள்ளை மூன்று வயதில் பாடிய முதல் தேவாரத்திலேயே சிவனுடைய காதில் தோடு இருக்கிறது. பாதி அம்மன் என்று கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு வெளி வீதியில் ஒரு குழந்தையின் வளையலைப் பார்த்துச் சிரித்தால் அது என்ன கும்பிடு?

பாவாடையும் தைப்போம், வேட்டியும் இருக்கட்டும். மஞ்சத்தன்று இரண்டையும் கட்டிலில் வைத்து, எது வேண்டும் என்று அவனையே கேட்போம். வேட்டி என்றால் கோயில் முறைப்படி சட்டையைக் கழற்றிவிட்டுப் போகட்டும். பாவாடை என்றால் நான் கையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். கேட்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும்.

துஷி அண்ணா: அம்மா 🙏🏾

வதனி: அம்மா, இதை அப்படியே ஆதியின் அப்பா ரூபனுக்கும் காட்டினேன். அவர் ஒன்றும் கதைக்காமல் இரண்டு தரம் வாசித்தார்.

கலா சின்னம்மா: எல்லாரும் சேர்ந்து என்னை மட்டும் கெட்டவளாக்க வேண்டாம். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, பொய் சொல்ல வரவில்லை. வீட்டு முற்றத்தில் போடட்டும், நானே பொட்டும் வைத்துவிடுகிறேன். நல்லூர் வீதி வேறு. நிலாவுக்குக் கலியாணம் பேசுகிற நேரம், ஆட்கள் என்ன கதைப்பார்கள் என்று யோசிக்கிறேன். தாய்க்கு அந்தப் பயம் இருக்காதா?

நிலா: அம்மா, ஒரு குழந்தையின் உடுப்பைப் பார்த்து வேண்டாம் என்று போகிற குடும்பம் எனக்கு வேண்டாம். முதலே தெரிந்தால் நல்லதுதான்.

வதனி: சின்னம்மா, உங்களை ஒருவரும் கெட்டவள் என்று நினைக்கவில்லை. நான் ஒஸ்லோவுக்கு வெளிக்கிட்ட அன்று என் பெட்டிக்குள் ஒடியல்மாவும் வேப்பம்பூ வடகமும் வைத்துத் தைத்துவிட்டது நீங்கள். உடனே மனம் மாறச் சொல்லிக் கேட்கவில்லை. அவனுக்கு முன்னால் “பெடியன் இப்படிப் போடுவானோ” என்ற ஒரு கேள்வி மட்டும் வேண்டாம். அதை அவன் போதும் போதும் என்ற அளவுக்குக் கேட்டுவிட்டான். பக்கத்து வீட்டு ஆட்கள் வந்தாலும் அப்படித்தான், கதையை மாற்றிவிடுங்கள்.

கலா சின்னம்மா: அவன் முன்னால் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். அது வாக்கு. வேறு யாரும் சொன்னால் கதையை மாற்ற எனக்குத் தெரியும். மஞ்சத்தன்று நான் வருவேனா என்று இப்போது கேட்காதே.

வதனி: கேட்கமாட்டேன் சின்னம்மா. எனக்கு அந்த வாக்குப் போதும்.

வதனி: அம்மா, இடுப்பு 21 அங்குலம், இடுப்பிலிருந்து கால்வரை 27. கொஞ்சம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், அடுத்த வருசமும் போடலாம். தையல்காரர் யாருக்கு என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அம்மா: பேரப்பிள்ளைக்கு என்று சொல்வேன். வேறு என்ன?

சிவம் மாமா: வதனி, ஆதிக்குப் பாட்டில் விருப்பம் இருக்கிறதா?

வதனி: நாள் முழுக்க எதையாவது முணுமுணுத்துக்கொண்டுதான் இருப்பான் மாமா. ஏன்?

சிவம் மாமா: சந்திரமதியின் பாட்டு எனக்கு இன்னும் முழுக்க நினைவு இருக்கிறது. மயானப் பாட்டுப் பிள்ளைக்கு வேண்டாம், மகனோடு சந்தோசமாக இருக்கிற பாட்டும் இருக்கிறது. விருப்பம் என்றால் நிற்கிற நாட்களில் சொல்லிக்கொடுக்கலாம்.

வதனி: அவனிடம் நீங்களே கேளுங்கள் மாமா. நாளைக்கு வீடியோவில் வருவான். மெதுவாகத் தமிழில் கேளுங்கள். பதில் நோர்வேஜிய மொழியில் வந்தால் நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.