மாடிக்கு வந்தவர் யார்? வீடு வாடகைக்கு விட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குரோம்பேட்டை மாடிவீடு:
போன ஐப்பசி மழையில்தான் அந்தப் பையன் வந்தான். அட்வான்ஸ், ஆதார் கலர் ஜெராக்ஸ், பதினோரு மாத அக்ரிமென்ட், எல்லாம் வழக்கம்போல. ஐடி வேலை, இரவு ஷிப்ட். தண்ணீருக்குச் சண்டை இல்லை, ஐந்தாம் தேதி தாண்டாமல் வாடகை.

இரண்டாவது மாதம், ஒரு மத்தியானம் கூரியர்காரர் கேட்டில் நின்று ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "அப்படி இங்கே யாரும் இல்லையே" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, மாடியிலிருந்து "வர்றேண்ணா" என்று குரல். இறங்கி வந்து கையெழுத்துப் போட்டு பார்சலை வாங்கினான். ஏறும்போது ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையோடு அப்படியே நின்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டே நாள். காலையில் பால் பையில் சாவி கிடந்தது. அட்வான்ஸைத் திருப்பிக்கூடக் கேட்கவில்லை. ஃபேன் றெக்கையைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு மாதம் என் தலைக்கு மேலே நடமாடியது யார்?

கொங்குக்காரன்:
உங்களுக்கு ஆளாவது நேரில் வந்தான் அக்கா. எனக்கு வெறும் குரல்தான். பீளமேட்டு வீட்டுக்கு இணையத்தில் விளம்பரம் போட்ட அரை மணியில் போன். ராணுவமாம், கோவைக்கு மாற்றலாம். சீருடை போட்டோ, கேன்டீன் கார்டு, ஆதார் எல்லாம் நான் கேட்கும் முன்பே வாட்ஸப்பில் வந்து விழுந்தன. அங்கேயே விழித்திருக்க வேண்டும்.

"எங்கள் கணக்கு முறை வேறு சார், 5 ரூபாய் அனுப்பிப் பாருங்கள், 10 ஆகத் திரும்பும்" என்றான். திரும்பியது! அந்தப் பத்து ரூபாய் வந்தபோது போன் எழுப்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் அட்வான்ஸுக்கு என்று ஒரு க்யூஆர் அனுப்பினான். ஸ்கேன் செய்தேன், பின் நம்பர் போட்டேன், 30,000 போனது. "பணம் வாங்க எதுக்குப்பா பின்?" என்று கேட்டவள் பத்தாவது படிக்கும் என் மகள். சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடித்துப் புகாரும் கொடுத்தேன். போனது போனதுதான்.

ரிட்டயர்டு தாத்தா:
அம்மா, தப்பு உங்கள் பேரில். ஜெராக்ஸ் என்பது காகிதம், அடையாளம் அல்ல. எனக்கு அனுபவம் சின்னதுதான்: ஒருவர் பான் கார்டு நீட்டினார், நாலாவது எழுத்து சி. தனி மனிதர் கார்டில் அங்கே பி இருக்க வேண்டும், சி என்றால் கம்பெனி. "நீங்கள் எந்தக் கம்பெனி தம்பி?" என்று கேட்டேன், போனவர் திரும்பவில்லை.

ஆதாருக்கு வருவோம். அசல் கார்டைக் கேளுங்கள். அதில் இருக்கும் க்யூஆரை ஆதார் ஆணையத்தின் செயலியில் காட்டினால் பெயரும் படமும் வரும். சாதாரண ஸ்கேனரில் காட்டினால் நீளமாக எண்கள்தான் வரும், பயந்துவிடாதீர்கள். கார்டில் அச்சான படத்தை மாற்றலாம், க்யூஆருக்குள் இருப்பதை மாற்ற முடியாது. ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணை மட்டும் போட்டுப் பார்ப்பது போதாது. அங்கே வயது வரம்பு, ஆணா பெண்ணா, மாநிலம், மொபைலின் கடைசி மூன்று இலக்கம் இவ்வளவுதான் தெரியும். பெயர் தெரியாது. அடுத்தவன் எண்ணைக் கொடுத்தாலும் "உண்மை" என்றே சொல்லும்.

பிறகு போலீஸ். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேரை வங்கிக் கொள்ளையர்கள் என்று சுட்டார்களே, அந்தச் சமயத்தில்தான் சென்னையில் வாடகைதாரர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கொடுத்தீர்களா? இப்போது தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே வாடகைதாரர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிந்து எண் வாங்கினீர்களா? பதினோரு மாதம் என்றால் பதிய வேண்டாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்தச் சட்டத்தில் அந்தத் தப்பித்தல் கிடையாது. பழைய வீட்டுக்காரரிடம் விசாரித்தீர்களா?

மேன்ஷன்வாசி:
தாத்தா, அதே சட்டம் வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் என்றும் சொல்கிறது. எனக்கு இதுவரை பத்து மாதத்துக்குக் குறைவாக யாரும் கேட்டதில்லை, அதையும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்.

என் கதை: குடிவந்த அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா "உங்க அப்பா பேரு நல்ல பேரு தம்பி" என்றார். நான் சொல்லவே இல்லை. பார்த்தால் என் ஆதாரை, முகவரி, பிறந்த தேதியோடு, "நியூ டெனன்ட்" என்று போட்டுக் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் விட்டிருக்கிறார் வீட்டுக்காரர். நாற்பது பேர் கட்டைவிரல் வேறு காட்டியிருந்தார்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் கண்ட இடத்தில் நகல் கொடுக்காதீர்கள் என்று அறிவித்தது, இரண்டே நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுத்தால் "எதை மறைக்கிறே?" என்கிறார்கள். சரி, வாடகைக்கு விடுபவர்தான் உரிமையாளர் என்று நாங்கள் எப்படிப் பார்ப்பது? வீட்டு வரி ரசீது கேட்ட ஒரே காரணத்துக்காக எனக்கு இரண்டு வீடு கைநழுவியது.

குரோம்பேட்டை மாடிவீடு:
தம்பி, நீங்கள் கேட்டிருந்தால் நான் ரசீது காட்டியிருப்பேன். தாத்தா, ஸ்டேஷனுக்குப் போகவில்லை, பதியவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். நம்பரை அந்தப் பையனே கொடுத்தான். "தங்கமான பையன்மா, போறானேன்னு இருக்கு" என்றார் அவர். உங்கள் பதிலைப் படித்துவிட்டு இன்று அதே நம்பருக்குத் திரும்ப அடித்தேன். எடுத்தவர் "எத்தனை கேன் வேணும்மா?" என்று கேட்டார்.