முகநூலை விட்டாச்சு, ஆமைக்குஞ்சை யாருக்குக் காட்ட?

ரோஸ்ஹில், மொரீஷியஸ்:

முகநூலை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏன் விட்டேன் என்பது பெரிய கதையில்லை. சண்டை, வசை, விளம்பரம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அங்கே எங்களுக்கு ஒரு சின்ன வட்டம் இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரியானால் மிருகக்காட்சிசாலைக் குட்டிகளின் படம் போட்டு அரட்டை அடிப்போம். திருச்சியில் வங்கி வேலை பார்க்கும் ஓர் அம்மா, மியான்மரின் யாங்கூனில் ஓர் அண்ணன், இன்னும் சிலர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

2024 ஜூலையில் தாய்லாந்தின் காவ் கியோ பூங்காவில் மூ டெங் பிறந்தாளே, அந்தக் குள்ள நீர்யானைக் குட்டி! பராமரிப்பவரின் முழங்காலைக் கடிக்கப் பாயும் அவள் படத்தை வைத்து எத்தனை வாரம் சிரித்தோம். அப்புறம் பார்க்க வந்தவர்கள் தூங்குகிற குட்டியை எழுப்பத் தண்ணீரும் சிப்பியும் எறிய ஆரம்பித்தார்கள் பாருங்கள், வார இறுதியில் ஆளுக்கு ஐந்து நிமிஷம்தான் என்று பூங்காவே கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. எங்களைப் போல வீட்டில் உட்கார்ந்து ரசித்தவர்களுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யாங்கூன் அண்ணன் விஷயம்தான் மனசை அறுக்கிறது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில நாட்களிலேயே அங்கே முகநூலை முடக்கிவிட்டார்கள். தடையைத் தாண்ட உதவும் விபிஎன் போட்டுக்கொண்டு வந்து போவார். வருகை குறைந்துகொண்டே போய் ஒருநாள் நின்றது. அவரிடம் வேறு முகவரி வாங்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அவர் திரும்பி வந்தாலும் நான் அங்கே இல்லை.

சரி, ஆமைக்கு வருகிறேன். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு மெட்ரோவில் க்யூர்பீப் போய், அங்கிருந்து தெற்கே பஸ் பிடித்து லா வனீல் பூங்காவுக்குப் போனேன். 1985இல் முதலைப் பண்ணையாகத் தொடங்கிய இடம். பிள்ளைகளுக்கு முதலைதான் வேண்டும். எனக்கு ஆமைக்குஞ்சு. நம் தீவுக்கே உரிய பெரிய ஆமைகளைக் கப்பல்காரர்கள் தின்றே தீர்த்துவிட்டார்கள். இப்போது இருப்பவை அல்டாப்ரா இனம், செஷல்ஸ் பக்கத்து வம்சம். 2000ஆம் ஆண்டு, நம் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் இல் ஓ செக்ரெத் என்ற குட்டித் தீவில் இவற்றை விட்டதே, பழைய ஆமைகள் செய்த வேலையைச் செய்யத்தான்: கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது.

குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கும். ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடந்த மண்ணின் சூடு தீர்மானிக்குமாம். ஒரு குஞ்சு இலையைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக வாயைத் திறந்து கவ்வியது. இலை வேறு பக்கம் இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இதை எந்த வீடியோவிலும் வெட்டி எறிந்திருப்பார்கள்.

படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. திருச்சி அம்மாவாக இருந்தால் குஞ்சுக்குப் பெயர் வைத்து ஜாதகமே கணித்திருப்பார்.

டர்பன், தென்னாப்பிரிக்கா:

அக்கா, எங்கள் மிச்சல் பூங்காவிலும் அல்டாப்ரா ஆமை உண்டு, நான் பார்த்தவை எல்லாம் பெரியவர்கள்தான். 1928இல் மைசூர் மகாராஜா கொடுத்த நெல்லி யானை இருந்த இடம் அது. காலால் தேங்காய் உடைப்பாள், மவுத் ஆர்கன் ஊதுவாள் என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

நானும் கணக்கை மூடியவன்தான். மூடுவதற்கு முன் எல்லாரிடமும் மின்னஞ்சல் முகவரி வாங்கினேன். தினமும் மணிக்கணக்காகப் பேசியவர்கள் ஒரு வரி எழுதவில்லை. விடாமல் எழுதுகிறவர், அங்கே லைக் போடுவதைத் தவிர வாயே திறக்காத ஒருவர். அவருக்குச் சிங்கக்குட்டி என்றால் உயிர் என்பதே இப்போதுதான் தெரியும்.

ரோஸ்ஹில்:

தம்பி, திருச்சி அம்மா வேலை பார்க்கும் கிளை எது என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு ஆமைக்குஞ்சுப் படத்தை அட்டையில் ஒட்டி அந்த முகவரிக்கே அனுப்பப் போகிறேன். பிறந்த நேரம் கேட்பார். பூங்காவில் விசாரித்து வைக்கணும்.