டாட்ஃபைல்: பிறை வகுப்புக்கு ஒரு சொல் வேண்டும்

(பேசுபவர்கள் அவரவர் மலேசிய ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

பிறை, வகுப்பு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை படிவம் நான்கு மாணவர்களுக்கு, முனையத்தை (கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) தமக்கேற்றபடி அமைத்துக்கொள்ளும் வகுப்பு. குறிப்பேடு வியாழன் காலை அச்சுக்குப் போயாக வேண்டும். முனையம், கட்டளை, கோப்புறை எல்லாம் எழுதிவிட்டேன்; டாட்ஃபைலில், அதாவது புள்ளியில் தொடங்கும் பெயருடைய அமைப்புக் கோப்பில், வந்து நிற்கிறேன். மேக் வைத்திருப்பவர்கள் '.இசட்எஸ்எச்ஆர்சி'யைத் திறக்க வேண்டும் (2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் இசட்எஸ்எச்தானே அதில் இயல்பு ஷெல், கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் நிரல்). விண்டோஸில் உபுண்டு லினக்ஸ் போட்டவர்களுக்கு '.பேஷ்ஆர்சி'. தூண்டியின் (கட்டளை தட்டும் இடத்துக்கு முன் நிற்கும் குறி, 'பிராம்ப்ட்') நிறத்தை மாற்றுவது, நீளமான கட்டளைக்குச் சுருக்குப்பெயர் வைப்பது எல்லாம் அதற்குள்தான். 'புள்ளிக்கோப்பு' என்று எழுதியிருந்தேன். ஆனால் நம் பிள்ளைகளுக்குப் புள்ளி என்றால் சோதனைப் புள்ளி, மதிப்பெண். வரைவைப் பார்த்த மாணவி ஒருத்தி, "இதுல எங்க புள்ளியெல்லாம் இருக்குமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டாள். வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

செந்தூல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, ஒற்றுக்கோப்பு என்று போடுங்கள். மெய்யின் இயற்கை புள்ளியொடு நிற்பது என்கிறது தொல்காப்பியம். அந்தப் புள்ளி எழுத்துக்கு ஒற்று என்று பெயர். அரசனுக்காக மறைந்து திரிபவனும் ஒற்றுதான். வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். புள்ளியும் மறைவும் ஒரே சொல்லுக்குள் இருக்கும்போது ஏன் வெளியே தேட வேண்டும்? ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் புள்ளி வைக்காமலே விட்டார்கள். படிப்பவர் இடமறிந்து சேர்த்துப் படித்தார். கண்ணுக்குத் தெரியாத புள்ளி நமக்குப் புதிதே அல்ல.

பாயான் லெப்பாஸ், மென்பொருள் பொறியாளர்:

ஐயா, சொல் அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஏட்டில் மறைந்தது புள்ளி. இங்கே புள்ளியால் கோப்பு மறைகிறது. அதுவும் யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. யூனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்க காலத்தில், ஒவ்வொரு கோப்புறையிலும் இருக்கும் '.' (அந்தக் கோப்புறை) '..' (அதற்கு மேலுள்ள கோப்புறை) என்ற இரண்டும் பட்டியலில் வந்து தொல்லை கொடுத்தன. அவற்றைத் தள்ள, கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' நிரலில் பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தார்கள். புள்ளியில் தொடங்கும் மற்றப் பெயர்களும் சேர்ந்து விடுபட்டன. யூனிக்ஸ் குழுவில் பணியாற்றிய ராப் பைக் 2012-இல் இதை எழுதியிருக்கிறார். அந்த ஓட்டையில் அமைப்புக் கோப்புகள் குடியேறிவிட்டன, அவ்வளவுதான்; உளவு வேலை எதுவும் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை ஒற்றுக்கோப்பு என்று படித்தால் வைரஸ் என்று அழித்துவிடும். முன்புள்ளிக் கோப்பு என்போமே?

செந்தூல்:

தம்பி, முன்னும் பகலும் சேர்ந்தால் முற்பகல். அப்படியானால் இது முற்புள்ளி அல்லவா?

பாயான் லெப்பாஸ்:

முன்பக்கம், முன்புறம் என்றுதானே ஐயா எழுதுகிறோம்? முற்புள்ளி என்று அச்சடித்தால் பாதிப் பேர் முற்றுப்புள்ளி என்றே வாசிப்பார்கள்.

பிரிக்பீல்ட்ஸ், மொழிபெயர்ப்பாளர்:

மறைகோப்பு போதாதா? 'எல்எஸ்' கொடுத்தால் வராது, 'எல்எஸ் -ஏ' கொடுத்தால் வரும். மாணவர் முதலில் காண்பது இதைத்தான். பார்த்ததும் புரிய வேண்டும், இலக்கணம் அப்புறம்.

செந்தூல்:

மறைகோப்பு வினைத்தொகை. மறைந்த, மறைகின்ற, மறையும் கோப்பு என்று விரியும். கோப்பு தானே ஓடி ஒளிவதாக ஆகிவிடும். மறைப்பது பட்டியல், கோப்பு அன்று. புரிய வேண்டும் என்பதற்காகத் தவறாகப் புரியவைப்பதா?

பாயான் லெப்பாஸ்:

இதில் ஐயா பக்கம் நிற்கிறேன். விண்டோஸில் புள்ளி இல்லாமலே எந்தக் கோப்பையும் மறைக்கலாம். மறைவைப் பெயராக்கினால் அதுவும் இதுவும் ஒன்றாகிவிடும். மாணவர் விசைப்பலகையில் தட்டப்போவது புள்ளியைத்தான்.

பிறை:

நடுவில் வேறொன்று. சிலர் தூண்டியில் தங்கள் பெயரைத் தமிழில் போட்டுப் பார்த்தார்கள். 'கொ' வரும் பெயரில் கொம்பும் காலும் தனித்தனியே சிதறி, தட்டும் இடம் விலகிப்போகிறது.

பாயான் லெப்பாஸ்:

முனையம் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்குகிறது. நம் எழுத்து அதற்குள் அடங்காது. முனைய நிரலுக்கு நிரல் விளைவு மாறும். வகுப்பில் வேறொன்றை நிறுவிப் பாருங்கள். பெயரை மாற்றச் சொல்லாதீர்கள்.

பிறை:

நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். புள்ளிக்கோப்பு என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் 'புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்பு. சோதனைப் புள்ளி அன்று' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்:

சரி.

பாயான் லெப்பாஸ்:

எனக்கும் சரி. முன்புள்ளியை விட்டுவிடுகிறேன்.

செந்தூல்:

அச்சைத் தடுக்க மாட்டேன் அம்மா, வகுப்பு நன்றாக நடக்கட்டும். ஆனால் என் ஒப்புதல் இல்லை. மறுபதிப்பு வந்தால் ஒற்றுக்கோப்பை மறுபடி கொண்டுவருவேன். 'தூண்டி'யை யார் முடிவு செய்தது? அது கட்டளைக்காகக் காத்துத்தானே நிற்கிறது, எதைத் தூண்டுகிறது?