பள்ளிப் பிள்ளைகளுக்கு மலேரியா: பார்த்தவர்கள், பட்டவர்கள் எழுதுங்கள்

இரண்டாம் வகுப்புப் பையனின் அம்மா:
என் மகன் இப்போதுதான் தேறியிருக்கிறான், இதே கவலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். முதலில் வந்தது வயிற்றுவலியும் வாந்தியும், அதனால் சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சாயங்காலம் பல் கிடுகிடுவென்று அடிக்க ஆரம்பித்தது, இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை, அப்புறம் உடம்பு அனலாய்க் கொதித்து, வேர்த்துக் கொட்டி, சட்டை தொப்பலாக நனைந்ததும் எழுந்து விளையாடப் போய்விட்டான். மறுநாள் ஒன்றுமே இல்லை. அதற்கு அடுத்த நாள் மறுபடி நடுக்கம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைவாக்ஸ் என்ற வகை மலேரியா.

மூன்று நாள் குளோரோகுயினில் காய்ச்சல் போய்விட்டது. ஆனால் வைவாக்ஸ் கிருமி கல்லீரலுக்குள் உறங்கிக் கிடக்கும், சில வாரமோ சில மாதமோ கழித்துப் புதிதாகக் கொசு கடிக்காமலேயே கிளம்பி வரும். அதை ஒழிக்கத்தான் 14 நாள் பிரிமாகுயின். அதைத் தொடங்கும் முன் ஜி6பிடி என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்தார்கள், குறைவாக இருந்தால் அந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். உங்கள் டாக்டர் அதைப் பற்றிப் பேசாவிட்டால் நீங்களே கேளுங்கள், தயங்காதீர்கள். துள்ளி விளையாடும் பிள்ளைக்குத் தினமும் மாத்திரை கொடுப்பது லேசில்லை, வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிறு வேறு வலிக்கும். சாப்பிட்டதும் கொடுத்து, காலண்டரில் அவனையே டிக் போட வைத்தோம்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:
மேலே எழுதிய அம்மாவுக்கு நன்றி. காய்ச்சலே இல்லாத மலேரியாவைப் பற்றி நான் சொல்ல வேண்டும். நோய் ஓயாமல் இருக்கும் பகுதிகளில் அடிக்கடி கடிபட்டுப் பிள்ளைகளுக்கு ஓரளவு எதிர்ப்பு வந்துவிடும், ரத்தத்தில் கிருமி இருந்தாலும் படுக்க மாட்டார்கள். என் வகுப்பில் மந்தம் என்று பெயர் வாங்கியிருந்த ஒரு பெண் குழந்தை, முதல் மணிக்கே மேசையில் தலை சாய்த்துவிடுவாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. பரிசோதித்தபோது கிருமியும் இருந்தது, ரத்தசோகையும் இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிறாள், அவளைப் பற்றி அத்தனை நாள் சொன்னதெல்லாம் எவ்வளவு அநியாயம்! ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் மேல்தான் எல்லோர் கவனமும் இருக்கிறது, தடுப்பூசியும் அவர்களுக்குத்தான். நோய் அதிகமுள்ள பகுதிகளில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் இடைவெளி விட்டுத் தடுப்பு மருந்து தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அது எல்லாப் பள்ளிகளுக்கும் வந்து சேர வேண்டும்.

லேப்பில் வேலை பார்ப்பவர்:
ஒரு தடவை ஸ்லைடில், அதாவது கண்ணாடியில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதில், ஒன்றும் இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும். இன்னொன்று, ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியாவுக்கான உடனடிப் பரிசோதனை கிட் குணமான பிறகும் சில வாரம் பாசிட்டிவ் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிகிச்சைக்குப் பின் ஸ்லைடுதான் சரி.

ஒரு அப்பா:
என் மகளுக்கு வந்தது ஃபால்சிபாரம். ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின், மூன்று நாளில் ஆறு வேளை, எடை பார்த்து எழுதினார்கள். கொழுப்புள்ள உணவோடோ பாலோடோ கொடுத்தால்தான் மருந்து நன்றாக உடம்பில் சேரும். விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளை மருந்தைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது, "இனி எதற்கு மாத்திரை?" என்று வீட்டில் கேட்டார்கள், நான் விடவில்லை. வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சிரைப்பு, சிறுநீர் கறுத்துப் போவது, உட்காரக்கூட முடியாத சோர்வு, இதில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அப்போது மாத்திரை போதாது, ஆர்ட்டெசுனேட் ஊசிதான்.

புதிதாகச் சேர்ந்தவர்:
ரிசல்ட் வரும்வரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?

லேப்பில் வேலை பார்ப்பவர்:
எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம், ஆஸ்பிரின் வேண்டாம். பாராசிட்டமால் சூட்டை இறக்குமே தவிர கிருமியை ஒன்றும் செய்யாது. இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே போய்க் கொடுங்கள்.