34 வயதில் கொலஸ்ட்ரோல் குளிசையா? லூபஸ் உள்ளவர்கள் சொல்லுங்கள்

உவர்மலை டீச்சர்:

வணக்கம். நான் திருகோணமலை, உவர்மலை. ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வயது 34, எடை 60 கிலோ. லூபஸ் (நோயெதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய்) என்று கண்டுபிடித்து ஆறேழு வருடம் இருக்கும். அதற்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின் ஒருநாள் 200, மறுநாள் 400 மில்லிகிராம் என்று போகிறது. போன வருடக் கடைசியில் மூட்டு வீக்கமும் வாய்ப்புண்ணும் திரும்பக் கிளம்பியதில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட்டைக் கூட்டினார்கள். இப்போது 10 மில்லிகிராமில் நிற்கிறேன்.

இந்த முறை கிளினிக்குக்கு எடுத்த றிப்போட்: மொத்தக் கொலஸ்ட்ரோல் 236, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 38, ட்ரைகிளிசரைட் (இன்னொரு வகைக் கொழுப்பு) 270, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 144. பிரஷர் 138/88. டொக்டர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "அடுத்த முறையும் இப்படியே இருந்தால் அட்டோர்வஸ்டற்றின் தொடங்குவோம்" என்றார். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஏன் என்று கேட்க அங்கே நேரம் இல்லை.

வீட்டில் அன்றிலிருந்து தேங்காய்க்குத் தடை. சொதி வெறும் மஞ்சள் தண்ணீராக வருகிறது, புட்டைக் காய்ந்த மாவாக விழுங்குகிறேன். அம்மாவுக்கு 61 வயது, எல்டிஎல் 150க்கு மேல், ஆனால் அவருக்கு யாரும் குளிசை எழுதவில்லை. "எனக்கே இல்லாதது உனக்கு எதுக்கு?" என்கிறார். மாமி உள்ளியைத் தேனில் ஊறவைத்துப் போத்தலோடு அனுப்பியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒருவர் அல்ஃபால்ஃபா என்ற செடியின் குளிசை நல்லது என்கிறார், கொழுப்பைக் கரைக்குமாம்.

இதெல்லாம் பிரெட்னிசொலோன் செய்த வேலையா, அதைக் குறைத்தால் சரியாகிவிடுமா? அப்புறம், அடுத்த வருடம் ஒரு பிள்ளைக்கு முயற்சி செய்ய யோசிக்கிறோம். கொலஸ்ட்ரோல் குளிசை தொடங்கினால் அது தள்ளிப்போகுமா?

பாலையூற்று அக்கா:

தங்கச்சி, முதலில் அந்த அல்ஃபால்ஃபாவைத் தொடவேண்டாம். அதில் கனவனின் என்றொரு பொருள் இருக்கிறது, லூபஸைக் கிளப்பிவிடும். எங்களுக்குக் கூடாதென்று தெளிவாகச் சொல்லப்படுகிற சிலவற்றில் அதுவும் ஒன்று. மாமியின் உள்ளி கறியில் போகட்டும், மருந்தாக நம்பியிருக்க வேண்டாம்.

நான் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், லூபஸும் எனக்குப் பழைய கூட்டாளி. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அம்மாவின் 150ம் உங்கள் 144ம் ஒரே மாதிரி இல்லை. லூபஸ் கிளம்பியிருக்கும் காலத்தில் இரத்தக்குழாயின் உள்சுவரும் சேர்ந்து அழற்சிப்படுகிறது. கீழ்ப்பெயின்ட் உரிந்த வள்ளத்தில் சிப்பி ஒட்டுகிற மாதிரி, அந்த இடத்தில் கொழுப்பு சுலபமாக ஏறும். உடம்பின் காவல் கலங்கள் ஒட்சியேறிய எல்டிஎல்லை விழுங்கி வீங்கி அங்கேயே தங்கிவிடும். வழக்கமாகக் கொழுப்பை அள்ளிக்கொண்டு போகிற எச்டிஎல்கூட லூபஸ் உள்ள பலரிடம் கட்சி மாறி, அழற்சிக்குத் துணைபோகிறது. றிப்போட்டில் வெறும் 38 என்றுதான் விழும், அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று அந்த இலக்கம் சொல்லாது.

இது புதுக் கதையும் இல்லை. 1976இல் கனடாவில் யூரோவிட்ஸ் என்ற மருத்துவர் குழு, லூபஸ்காரரின் மரணங்கள் இரண்டு காலத்தில் குவிவதைக் காட்டியது. முதல் சில வருடங்களில் நோயும் கிருமித்தொற்றும், பல வருடம் கழித்து மாரடைப்பு. 1997இல் அமெரிக்காவில் வந்த ஆய்வொன்றில், 35 முதல் 44 வயது வரையான லூபஸ் பெண்களுக்கு அதே வயதுப் பெண்களைவிட மாரடைப்பு 50 மடங்கு என்று வந்தது. அந்த 50ஐப் பார்த்து நடுங்காதீர்கள். அந்த வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு மிக அரிது என்பதால்தான் மடங்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் "இந்த வயதில் எதுக்கு" என்ற அம்மாவின் கேள்விக்கு அதிலே பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் இதய ஆபத்தைக் கணக்கிடும் கியூரிஸ்க்-3இல் லூபஸுக்கு ஒரு பெட்டி, ஸ்டெரொயிட்டுக்கு வேறு ஒரு பெட்டி. உங்களுக்கு இரண்டிலும் சரி விழும்.

என் கதை இது. எனக்கு நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதிவழி போகும்போது கீழ்த்தாடை இழுத்துப் பிடித்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லை. நின்றால் விடுகிறது, நடந்தால் பிடிக்கிறது. கூடவந்த தங்கச்சி பல்லுவலி என்றாள். வார்டில் இப்படி வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அர்ச்சனைத் தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு நேரே ஈசிஜி எடுக்கப் போனேன். பிறகு ஆஞ்சியோகிராமில் ஒரு குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று என் எல்டிஎல் எவ்வளவு தெரியுமா? 118. எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் என்னைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிரெட்னிசொலோனைப் பற்றிக் கேட்டீர்கள். அது எல்டிஎல், ட்ரைகிளிசரைட், பிரஷர், சீனி எல்லாவற்றையும் ஏற்றும், உண்மைதான். ஆனால் எச்டிஎல் குறைவு, ட்ரைகிளிசரைட் கூட என்ற உங்கள் அமைப்பு, கிளம்பியிருக்கும் லூபஸே தனியாகச் செய்யக்கூடியது. ஆகவே பழி இரண்டு பேருக்கும். இப்போதைய ஐரோப்பிய வழிகாட்டல் பிரெட்னிசொலோனை 5 மில்லிகிராமுக்கோ அதற்குக் கீழோ கொண்டுவரவும், முடிந்தால் நிறுத்தவும் சொல்கிறது. அது டொக்டர் படிப்படியாகச் செய்யவேண்டியது. நீங்களாகச் சடாரென்று நிறுத்தினால் உடம்பு கவிழ்ந்துவிடும்.

எனக்கு உங்கள் றிப்போட்டில் கொலஸ்ட்ரோலைவிடப் பிரஷர்தான் கண்ணைக் குத்துகிறது. லூபஸ் உள்ளவருக்கு 130/80க்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள். 34 வயதில் 138/88 என்றால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தார்களா? சிறுநீரகத்தை லூபஸ் பிடித்துப் புரதம் இறங்கத் தொடங்கினால், அதனாலேயே கொலஸ்ட்ரோல் ஏறும். தைரொயிட் குறைந்தாலும் ஏறும். இரண்டையும் பார்க்காமல் தேங்காயில் பழிபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேங்காய் என்றதும் ஞாபகம். அதில் கொலஸ்ட்ரோல் கிடையாது, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு நிறைய, அது எல்டிஎல்லை ஏற்றும். கட்டிப்பால், தேங்காயெண்ணெய்ப் பொரியல் இரண்டையும் குறையுங்கள். புட்டுக்கு ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவை அம்மாவிடம் தைரியமாகக் கேட்கலாம். ட்ரைகிளிசரைட்டுக்கு வெள்ளைச்சோறு, பாண், தேத்தண்ணீர்ச் சீனியைக் கவனியுங்கள். சூடையும் கும்பளாவும் நம்மூரில் தாராளம், பொரிக்காமல் குழம்பு வையுங்கள். கருவாடு பிரஷருக்கு எதிரி, சொல்லிவிட்டேன். நடை வேண்டும், ஆனால் வெயில் நமக்கு ஆகாது. டச் பே பக்கம் விடிய முன் நடந்துவிட்டு, கடலில் சூரியன் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுங்கள். மணலும் தண்ணீரும் கதிரைத் திருப்பி அடிக்கும்.

நிலாவெளி தம்பி:

அக்கா, லூபஸ்காரருக்கு அட்டோர்வஸ்டற்றின் மாதிரி ஸ்டற்றின் குளிசை கொடுத்துப் பார்த்துப் பலனில்லை என்று அமெரிக்காவில் ஆய்வே வந்திருக்கிறதே? என் மனைவிக்கும் லூபஸ்தான். இதைப் படித்ததிலிருந்து அவளும் குளிசையைப் போடமாட்டேன் என்று நிற்கிறாள்.

மருந்துக்கடை ரவி:

நிலாவெளி அண்ணா, நீங்கள் சொல்வது 2011இல் வெளியான ஆய்வாக இருக்கும். இதயநோய் இல்லாத 200 லூபஸ்காரருக்குப் பாதிப்பேர் அட்டோர்வஸ்டற்றின் 40, பாதிப்பேர் மருந்தில்லாத வெறும் குளிசை என்று இரண்டு வருடம் கொடுத்தார்கள். இதயக்குழாயில் கல்சியம் படிவதில் வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைகளில் செய்த இன்னொரு ஆய்வும் தெளிவான பலனைக் காட்டவில்லை. லூபஸ் என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் ஸ்டற்றின் எழுதவேண்டாம், இவ்வளவுதான் அதன் அர்த்தம். எல்டிஎல் கூடியவர், பிரஷர் உள்ளவர், ஏற்கெனவே அடைப்பு வந்தவர், இவர்களுக்கு மற்றவர்களுக்குப் போலவே கணக்குப் பார்த்துக் கொடுக்கத்தான் வேண்டும். அண்ணியைக் குளிசையோடு டொக்டரிடம் கூட்டிப் போங்கள், கைப்பேசியைப் பார்த்து நிறுத்தவேண்டாம்.

டீச்சர், உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல மருந்து இருக்கிறது. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் லூபஸை அடக்குவதோடு எல்டிஎல்லையும் கொஞ்சம் இறக்கும், இரத்தம் உறைவதையும் குறைக்கும். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது எல்லை, உங்கள் 60 கிலோவுக்கு 300 வரும், நீங்கள் எடுப்பதன் சராசரியும் அதுதான். நாள்பட்டால் விழித்திரையைப் பாதிக்கலாம் என்று கண்ணுக்குப் பயந்து நிறுத்துபவர்கள் கடைக்கு நிறைய வருகிறார்கள். ஐந்து வருடம் தாண்டியிருப்பதால் வருடாவருடம் விழித்திரை பார்த்துக்கொண்டால் போதும். கர்ப்பத்திலும் இதை நிறுத்தாமல் தொடரத்தான் சொல்வார்கள்.

அட்டோர்வஸ்டற்றின் அப்படி இல்லை, பிள்ளைக்கு முயற்சி செய்யுமுன் பொதுவாக நிறுத்துவார்கள். பிரஷருக்கு லொசார்டன், எனலப்ரில் வகை எழுதினாலும் உங்கள் திட்டத்தை அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள், அவையும் கர்ப்பத்துக்கு ஆகாதவை. குளிசை தொடங்கிய பிறகு காரணமில்லாத தசைவலியோ கடும்நிறச் சிறுநீரோ வந்தால் உடனே காட்டவேண்டும். கிளாரித்ரோமைசின் மாதிரி அன்டிபயோட்டிக் யாராவது எழுதினால் அட்டோர்வஸ்டற்றினும் எடுக்கிறேன் என்று சொல்லுங்கள்.

உவர்மலை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. பழைய கொப்பியையும் தேடி எடுத்துப் பார்த்தேன். கடைசியாக யூரின் பார்த்தது மூட்டு கிளம்புவதற்கு முன். தைரொயிட் லூபஸ் கண்டுபிடித்த வருடம் பார்த்ததோடு சரி. அடுத்த கிளினிக்குக்கு முன் இரண்டையும் வெளியே செய்துகொண்டு போகலாமா?

பிள்ளை விஷயத்தை டொக்டரிடம் இன்னும் வாயே திறக்கவில்லை. அக்காவின் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது, கருவாட்டுப் பெட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அதற்கு இரண்டு நாளாக அப்பா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

பாலையூற்று அக்கா:

அப்பாவிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்!

செய்துகொண்டு போங்கள் தங்கச்சி. காலையில் முதல் போகும் சிறுநீரில் புரதமும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களில் கொடுக்கவேண்டாம், பிழையாக வரும். கூடவே தைரொயிட்டுக்கு டிஎஸ்எச். லிப்பிட்டை (கொழுப்புப் பரிசோதனையை) திரும்ப எடுப்பதென்றால் ட்ரைகிளிசரைட் கூட என்பதால் இந்தமுறை வெறும் வயிற்றில் கொடுங்கள். இரத்தத்தை உறையவைக்கும் பிறபொருளெதிரிகளைத் தேடும் அன்டிபொஸ்போலிப்பிட் பரிசோதனை எப்போதாவது செய்ததா என்றும் கொப்பியில் பாருங்கள். அது இரத்தக்குழாய்க்கும் வேண்டும், கர்ப்பத்துக்கும் வேண்டும்.

பிள்ளை விஷயத்தைக் கிளினிக்கில் கடைசியில் வைக்காமல் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். லூபஸ் குறைந்தது 6 மாதம் அடங்கியிருந்த பிறகுதான் பச்சைக்கொடி காட்டுவார்கள். எந்தக் குளிசையை இப்போது தொடங்குவது, எதைப் பிறகு பார்ப்பது என்பது அந்தத் திகதியை வைத்துத்தான் மாறும். ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொப்பிக்குள் மேலே தெரிகிற மாதிரி வைத்தால், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் டொக்டர் கண்ணில் படும். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.